படத்துக்கு முந்தைய அரை நிமிடம்

எம்.ஆர்.ஐ குழாய்க்குள் ஆளை அனுப்பியதும், முதல் படங்களுக்கு முன்னும் பின்னும் சில விநாடிகள் டக்டக்கென்று சத்தம் வரும். அப்போது திரையில் படம் எதுவும் தெரியாது. "இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று உள்ளே இருப்பவர்கள் கேட்பார்கள். அந்த உடலுக்குள் காந்தப்புலம் எப்படிப் படிந்திருக்கிறது என்று இயந்திரம் அளந்து பார்க்கும் நேரம் அது. அந்த அளவீட்டைத்தான் ஃபீல்டு மேப் என்கிறோம். எம்.ஆர்.ஐ இயற்பியலாளராக நான் பார்த்தவரை, அடுத்தவர் வெளியே காத்திருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

ஒரு முறை 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அலகு) ஸ்கேனரில் கழுத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தோம். கொழுப்பின் சிக்னலை அடக்கிப் படமெடுக்கும் சீக்குவன்ஸில் கழுத்தின் கீழ்ப்பகுதிக் கொழுப்பு அடங்காமல் வெள்ளையாக நின்றது. கட்டி எங்கே முடிகிறது, கொழுப்பு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. நான் சிக்னலைப் பிடிக்கும் கம்பிச்சுருளான காயிலைச் சந்தேகப்பட்டேன். என்னோடு இருந்த டெக்னாலஜிஸ்ட்தான் முதலில் இடம் குறிக்க எடுத்த முன்னோட்டப் படமான லோகலைசரையும் இந்தப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அந்த அம்மாவின் முகவாய் கொஞ்சம் இறங்கியிருந்தது. ஷிம், அதாவது ஃபீல்டு மேப்பை வைத்துப் புலத்தைச் சமப்படுத்தும் வேலை, முடிந்த பிறகு தலையைத் தாழ்த்தியிருக்கிறார். இயந்திரமோ பழைய நிலைக்கான அளவுகளையே நம்பி ஓடிக்கொண்டிருந்தது. ஷிம்மை மறுபடி எடுத்தோம், அரை நிமிடம்கூட ஆகவில்லை. கொழுப்பு அடங்கிவிட்டது.

முகவாய் இறங்கியதற்கு இவ்வளவு விளைவா என்றால், எண்களைப் பாருங்கள். நீருக்கும் கொழுப்புக்கும் உள்ள அலைவரிசை வித்தியாசம் சுமார் 3.5 பிபிஎம்தான், அதாவது பத்து லட்சத்தில் 3.5 பங்கு. அது 1.5 டெஸ்லாவில் ஏறக்குறைய 220 ஹெர்ட்ஸ், 3 டெஸ்லாவில் 440, 7 டெஸ்லாவில் ஆயிரத்தை ஒட்டி வரும். காற்றும் திசுவும் சேரும் இடங்களில், அதாவது மூச்சுக்குழல், சைனஸ், காதுத்துளை ஓரங்களில், புலமே சில பிபிஎம் பிறழக்கூடும். பிறழ்வைச் சரிக்கட்டாமல் விட்டால் கொழுப்பை அடிக்க வேண்டிய ரேடியோ பல்ஸ் நீரைப் போய் அடிக்கும்.

இது நிலைப்புலத்தின் கதை. ரேடியோ அலையின் புலத்துக்குத் தனி மேப் வேண்டும், அதை பி-ஒன் மேப் என்கிறோம். 7 டெஸ்லாவில் புரோட்டான் அலைவரிசை 298 மெகாஹெர்ட்ஸ். மூளைத் திசுவுக்குள் அந்த அலையின் நீளம் சுமார் 12 செ.மீ.க்குச் சுருங்கிவிடுகிறது, தலையின் அகலத்தைவிடக் குறைவு. அதனால் தலையின் நடுவில் ஃப்ளிப் கோணம் (பல்ஸ் காந்தமாக்கத்தைச் சாய்க்கும் கோணம்) கூடியும், பொட்டுப்பக்க மடல்களில் குறைந்தும் போகிறது. 3 டெஸ்லாவில் வயிற்றில் நீர் கோத்தவர்களிடம் கல்லீரலின் இடது மடல் கருத்துத் தெரிவதும் இதே காரணத்தால்தான்.

படம் கருப்பாக இருந்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும். எண்ணில் வரும் பிழை தெரியாது. இரண்டு ஃப்ளிப் கோணங்களில் எடுத்து டி-ஒன் (காந்தமாக்கம் மீண்டுவரும் வேகத்தைச் சொல்லும் நேரம்) கணக்கிடும் முறையில், கோணத்தின் பிழை வர்க்கமாகப் பெருகும். 15 டிகிரி கேட்ட இடத்தில் 13.5 டிகிரிதான் கிடைத்தது என்றால், உண்மையான 1000 மில்லிவிநாடி சுமார் 810 என்று அறிக்கையில் ஏறும். ஆறு மாதம் கழித்து அதே நபர் சற்றுத் தள்ளிப் படுத்தால் வேறொரு எண் வரும். திசு மாறியதா, அலை மாறியதா என்று யார் சொல்வது?

அப்படியானால் மேப்பை நிதானமாக, துல்லியமாக எடுத்துவிடலாமே என்று தோன்றும். பாடத்தில் முதலில் வரும் இரட்டைக் கோண முறையையே எடுத்துக்கொள்வோம். படத்துக்கான தரவின் ஒவ்வொரு வரிக்கும் முன் காந்தமாக்கம் முழுதாக மீண்டுவர வேண்டும். 7 டெஸ்லாவில் சாம்பல் பொருளின் டி-ஒன் 2 விநாடியை ஒட்டியது, முழு மீட்சிக்கு அதன் ஐந்து மடங்கு, ஆகவே வரிக்கு 10 விநாடி. 64 வரிக்கு 640 விநாடி, இரண்டு கோணத்துக்கும் சேர்த்து 21 நிமிடம். அதற்குள் அந்த நபர் எத்தனை முறை எச்சில் விழுங்கியிருப்பார்! மெதுவாக எடுத்த மேப், அசைந்துவிட்ட ஒருவருடைய மேப். வேகம் வேண்டும் என்று நான் கேட்பது இதனால்தான், நேரம் மிச்சமாவது அதற்குப் பிறகுதான்.

வேகத்துக்கு வழிகள் உண்டு. பிளாக்கும் சீகர்ட்டும் 1940-இல் விளக்கிய அலைவரிசைப் பெயர்ச்சியை 2010-இல் வேறு ஆய்வாளர்கள் பி-ஒன் மேப்புக்குக் கொண்டுவந்தார்கள். முழு மீட்சிக்குக் காத்திருக்க வேண்டாம், ஆனால் அந்தப் பெயர்ச்சிக்காகக் கூடுதலாக அனுப்பும் பல்ஸ் உடலில் அதிகச் சூட்டை ஏற்றும். 2012-இல் நெர்கேயும் போர்னெர்ட்டும் கொடுத்த ட்ரீம் முறை, இரண்டு சிக்னல்களை ஒரே தொடரில் பிடித்து அவற்றின் விகிதத்திலிருந்து கோணத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு ஸ்லைஸுக்கு ஒரு விநாடிகூட ஆகாது. எட்டு சேனலில் தனித்தனியே அலை அனுப்பும் 7 டெஸ்லா காயில்களில் ஒவ்வொரு சேனலுக்கும் மேப் தேவைப்படுவதால் இந்த வேகம் பெரிய உதவி. பல தலைகளின் மேப்புகளை வைத்து முன்கூட்டியே வடிவமைத்த யுனிவர்சல் பல்ஸ்கள் இன்னொரு வழி, அவற்றுக்கு அந்தந்த நபரின் மேப்பே வேண்டாம். தலைக்கு இவை எனக்குப் பிடித்திருக்கின்றன. ஆளுக்கு ஆள் இவ்வளவு மாறும் வயிற்றுக்கு அதே நம்பிக்கை எனக்கு இல்லை.

மேப் எதற்காக என்று முதலில் கேட்டுக்கொண்டால் பாதி வேகம் அங்கேயே கிடைத்துவிடும். இரண்டாம் படி வரை உள்ள ஷிம் காயில்களுக்குத் தேவை மொத்தம் எட்டு எண்கள், கூடவே மைய அலைவரிசை. அதற்கு 1 மி.மீ. வாக்சலில் (படத்தின் கனப் புள்ளியில்) மேப் எடுப்பது வீண். 4, 5 மி.மீ. போதும், வயிறு என்றால் ஒரே மூச்சுப்பிடிப்பில் முடித்துவிடலாம். ஈ.பி.ஐ என்ற அதிவேக முறையில் எடுத்த படத்தின் கோணலைத் திருத்தத்தான் மேப் என்றால் கணக்கே வேறு. மொத்த ரீட்-அவுட் (சிக்னலைப் படிக்கும் நேரம்) 50 மில்லிவிநாடி என்றால் பிக்ஸலுக்கு 20 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ் பிறழ்ந்த இடம் ஐந்து பிக்ஸல் நகர்ந்து நிற்கும், 2 மி.மீ. பிக்ஸலில் ஒரு சென்டிமீட்டர். இங்கே சிக்கனம் பிடிக்கக் கூடாது.

கே-ஸ்பேஸில், அதாவது படமாவதற்கு முன் தரவு சேரும் தளத்தில், பாதி வரிகளை விட்டுவிட்டு, 'புலம் மெதுவாகத்தானே மாறும்' என்று மீதியைக் கணக்கால் நிரப்பும் முறைகளிலும் எனக்கு இதே கவலை உண்டு. பி-ஒன் உண்மையிலேயே மெதுவாக மாறுகிறது, அங்கே தாராளமாகச் செய்யலாம். நிலைப்புலம் சைனஸுக்கு மேலே செங்குத்தாக ஏறி இறங்கும். அங்கே நிரப்பினால் வழவழப்பான மேப் கிடைக்கும், ஆனால் அது தவறாக இருக்கும். நியூரல் நெட்வொர்க் நிரப்பினாலும் இதே ஆபத்துதான். பேஸ் (சிக்னலின் சுழற்சிக் கோணம்) ஒரு சுற்றைத் தாண்டிச் சுற்றிக்கொள்வதையும் பாருங்கள்: எக்கோ இடைவெளி (அடுத்தடுத்த இரண்டு சிக்னல்களுக்கு இடையே உள்ள நேரம்) 5 மில்லிவிநாடி என்றால் 100 ஹெர்ட்ஸைத் தாண்டிய பிறழ்வு எதிர்ப்பக்கம் போய்க் காட்டும். 1 மில்லிவிநாடியில் 500 வரை தாங்கும், ஆனால் இரைச்சல் கூடும். மூன்று எக்கோ எடுத்தால் இரண்டையும் சமாளிக்கலாம்.

கன்சோலில் இருப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஆள் அசைந்ததாகச் சந்தேகம் வந்தாலே பழைய ஷிம்மை எடுத்து ஒட்டாதீர்கள். மறுபடி எடுங்கள், இப்போதெல்லாம் அது அரை நிமிட வேலை. ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: தலையணை உறுத்தினால், கழுத்து வலித்தால், அந்த முதல் சத்தம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நடுவில் தாங்க முடியாமல் அசைந்துவிட்டீர்கள் என்றால், கையில் இருக்கும் பந்தை அழுத்தி அதையும் சொல்லுங்கள்.