டாஷ்காம்: சேற்றுப் பலகையிலிருந்து வழிக்கமரா வரை

போன மாதம் அக்காவின் மகன் புதுக்குடியிருப்பிலிருந்து கூப்பிட்டான். "மாமா, வானுக்கு டாஷ்காம் பூட்டிப்போட்டன். ஞாயிற்றுக்கிழமை முறிகண்டிக்குப் போய் வருவம், வழி முழுக்கப் படமாய் வரும்" என்றான். அப்புறம் ஏதோ நினைவு வந்தவனாக, "டாஷ்காமுக்குத் தமிழிலை என்ன மாமா?" என்று கேட்டான். உடனே ஒரு பதிலும் வரவில்லை. சில நாள் யோசித்த பிறகுதான் கவனித்தேன், அவன் சொன்ன வசனத்திலேயே பாதிப் பதில் இருந்தது.

முதலில் பொருளைப் பார்ப்போம். வாகனத்தின் முன் கண்ணாடியிலோ, அதற்குக் கீழே உள்ள தட்டிலோ இருந்துகொண்டு, வாகனம் ஓடும் நேரமெல்லாம் முன்னால் உள்ள வழியைப் பதிவு செய்யும் சிறிய கமராதான் டாஷ்காம். சாவியைத் திருப்பியதும் தானாகவே வேலையைத் தொடங்கும். பதிவைச் சில நிமிடத் துண்டுகளாக வெட்டி நினைவக அட்டையில் வைக்கும். அட்டை நிரம்பினால் மிகப் பழைய துண்டை அழித்துவிட்டு அந்த இடத்தில் புதியதை எழுதும். இதைச் சுழற்சிப் பதிவு என்று சொல்லலாம். பெரிய குலுக்கலோ மோதலோ ஏற்பட்டால் உள்ளே இருக்கும் அதிர்வுணரி அதைக் கண்டுபிடித்து, அந்த நேரத்துத் துண்டை அழியாமல் காக்கும்.

தலைக்கவசத்திலும் மோட்டார் சைக்கிள் கைப்பிடியிலும் பூட்டுகிற கோப்ரோ வகை இதிலிருந்து வேறுபட்டது. அந்த நிறுவனம் 2002இல் தொடங்கியது. 2004இல் வந்த அதன் முதல் கமரா, கடலலையில் சறுக்குபவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் சாதாரணப் படச்சுருள் கமராதான். எங்கள் பக்கத்தில் எந்தச் சின்னக் கமராவைக் கண்டாலும் "கோப்ரோ" என்று சொல்லிவிடுகிறார்கள். பழக்கத்தில் வந்த பெயர் அது, குறை சொல்ல மாட்டேன்.

சரி, டாஷ்காம் என்ற சொல் எப்படி வந்தது? டாஷ்போர்ட், கமரா என்ற இரண்டையும் நறுக்கி ஒட்டியதுதான். டாஷ்போர்ட் என்பது இன்று வேகமானியும் வானொலியும் இருக்கும் முன்தட்டு. ஆனால் அந்தச் சொல் மோட்டார் வாகனத்துக்கு முந்தியது. 19ஆம் நூற்றாண்டில் குதிரை வண்டி ஓட்டுபவரின் காலுக்கு முன்னால் ஒரு மரப்பலகையோ தோல் தட்டியோ நிற்கும். குதிரையின் குளம்பு கிளப்பும் சேறும் கல்லும் அவர்மேல் தெறிக்காமல் தடுப்பதற்காக அது. ஆங்கிலத்தில் "டாஷ்" என்றால் வேகமாக மோதுவது, தெறிப்பது. அதனால் அது "தெறிப்புப் பலகை" ஆயிற்று. குதிரை போய் இயந்திரம் வந்த பிறகும் பலகை அதே இடத்தில் நின்றது. பெயரும் கூடவே நின்றது. மாரி காலத்தில் ஒட்டுசுட்டானுக்கு உள்ளே கிரவல் வீதிகளில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு அந்தப் பலகையின் அருமையை விளக்கத் தேவையில்லை.

கமரா என்பதன் கதை இன்னும் சுவையானது. வளைந்த கூரை உள்ள அறையைக் கிரேக்கர் "கமாரா" என்றார்கள். இலத்தீனில் அது "கமெரா" ஆகி, அறை என்ற பொருளைத் தந்தது. இருட்டறை ஒன்றின் சுவரில் சிறு துளையிட்டால் வெளிக்காட்சி எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும். 1604இல் கெப்ளர் அதை "கமெரா ஒப்ஸ்குரா", அதாவது இருட்டறை, என்று எழுதினார். பின்னர் அறை சிறுத்துப் பெட்டியானது, "இருட்டு" கழன்றது, "அறை" மட்டும் கருவியின் பெயராக மிஞ்சியது. அதே இலத்தீன் சொல் போர்த்துக்கேயரின் வாய்வழியாகவும் இங்கே இறங்கியது. சிங்களத்தில் அறையை "காமரய" என்பது அதிலிருந்து வந்ததுதான். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் "காமிரா உள்" என்று ஓர் அறையைச் சொல்வார்கள், அதுவும் இதே சொல். வவுனியாக் கடையில் ஒருவர் "கமரா" என்றும் பக்கத்தில் நிற்பவர் "காமரய" என்றும் சொன்னால், இருவர் வாயிலும் இருப்பது ஒரே சொல்லின் இரண்டு பேரப்பிள்ளைகள்.

ஆகவே டாஷ்காமைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "தெறிப்பு அறை" என்று வரும். அதை வைத்து யாருக்கும் எதுவும் விளங்காது. ஒரு கருவிக்குத் தமிழ்ப் பெயர் வைக்கும்போது ஆங்கிலச் சொல்லின் எலும்பை எடுத்து வரத் தேவையில்லை, கருவி செய்யும் வேலையைத்தான் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். "முகப்பு நிழற்படக்கருவி" என்று சொல்லலாமே என்று ஒருவருக்குத் தோன்றலாம். முகப்பு என்பது இருக்கும் இடம் மட்டும்தான். பின் கண்ணாடியில் பூட்டினால் என்ன செய்வது? உழவு இயந்திரத்தின் சில்லுக் காப்பில் பூட்டினால்? நிழற்படம் என்பதும் அசையாத படத்தையே நினைவூட்டுகிறது. ஓடுகிற படத்துக்கு நிகழ்படம், காணொளி என்று நல்ல சொற்கள் இருக்கின்றன.

இப்போது மருமகனின் வசனத்துக்கு வருகிறேன். "டாஷ்காம் பூட்டிப்போட்டன்" என்றான். ஆங்கிலத்தில் "மவுண்ட்" என்று சொல்லும் இடத்தில் வன்னியில் எல்லாரும் சொல்வது பூட்டுதல்தான். மின்குமிழ் பூட்டுவோம், மின்விசிறி பூட்டுவோம், வானுக்குப் புது ரயர் பூட்டுவோம். தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர் ஒருவர் "கமரா பூட்டினேன்" என்பதைக் கேட்டு, யாரோ கமராவைச் சாவி போட்டுப் பூட்டி வைத்துவிட்டார்கள் என்று எண்ணிக்கொண்டார். அங்கே பூட்டு என்றால் முதலில் கதவுதான் நினைவுக்கு வரும்.

ஆனால் பழைய பொருள் எங்கள் பக்கம் இருக்கிறது. காண் என்பதிலிருந்து காட்டு, உண் என்பதிலிருந்து ஊட்டு. அதே வழியில் பூண் என்பதிலிருந்து பூட்டு. தான் அணிந்துகொள்வது பூணுதல், இன்னொன்றுக்கு அணிவித்து இறுக்குவது பூட்டுதல். உலக்கை நுனியைச் சுற்றி இறுக்கிய இரும்பு வளையம் பூண். நகையும் பூண். மாட்டை நுகத்தில் சேர்ப்பது பூட்டுதல், அதற்கு உதவும் கயிறு பூட்டாங்கயிறு. ஏர் பூட்டுவது, வண்டில் பூட்டுவது எல்லாம் இதே சொல். வட்டப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு வண்டில் பூட்டிக்கொண்டு போன கதையை என் அப்பு, அதாவது தாத்தா, நூறு தரம் சொல்லியிருப்பார். அந்த வண்டிலில் மாட்டுக்குச் சொன்ன வினையை இன்று அவருடைய பூட்டப்பிள்ளை வானில் கமராவுக்குச் சொல்கிறான். அகராதி பார்த்து அவன் சொல்லவில்லை, வாயில் கிடந்த சொல் தானாக வந்தது. பொருத்துதல், நிறுவுதல் என்று எழுதுபவர்கள் எழுதட்டும். எனக்குப் பூட்டுதல் போதும், அச்சிலும் அதைத் தயங்காமல் எழுதுவேன்.

பூட்டுவதற்கான துணைக்கருவியை "ஸ்ராண்ட்" என்கிறோம். தாங்கி என்றால் சரியாக இருக்கும். கண்ணாடியில் ஒட்டும் இறப்பர்க் கிண்ண வகையை உறிஞ்சு தாங்கி என்று பிரித்துச் சொல்லலாம். உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டால் வெளியிலுள்ள வளிமண்டல அமுக்கம் அதைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்கும். விளிம்பில் செம்மண் புழுதி துளி இருந்தாலும் காற்று உள்ளே புகுந்து பிடி விட்டுவிடும், ஆகவே ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைத்துக் காயவிட்டுப் பூட்ட வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: உள்ளே இருப்பது லித்தியம் பற்றரியா, கொள்ளளவியா (கப்பாசிற்றர்)? சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய வாகனத்தின் முன்தட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டைக் கொள்ளளவி நன்றாகத் தாங்கும், பற்றரி உப்பிவிடக்கூடும். என் முதல் கமரா அப்படித்தான் போனது.

இனிப் பெயர். "வழிகாணி" என்று ஒன்று முதலில் தோன்றியது. கணினி, செயலி போல அழகாகத்தான் இருந்தது. ஆனால் வன்னியில் காணி என்றால் நிலம். வழிக்காணி, வாய்க்கால் காணி என்று வழக்கே பேசத் தொடங்கிவிடுவார்கள். "வழிநோக்கி" என்பதும் சரிவரவில்லை, அது ஒரு திசையைச் சொல்வதுபோல் ஒலிக்கிறது. கடைசியில் வழிப்போக்கர், வழித்துணை, வழிச்செலவு என்ற பழைய சொற்கள் கைகொடுத்தன. அந்தக் குடும்பத்தில் சேர்த்து, பேச்சுக்கு வழிக்கமரா, எழுத்துக்கு வழிப்படக் கருவி, அது எடுத்துத் தருவதற்கு வழிப்படம். கமராவைத் துரத்த வேண்டியதில்லை, அது எங்கள் வீட்டுச் சொல்லாகி நெடுநாள்.

வழிப்படம் என்ற சொல்லில்தான் எனக்கு அதிக ஆசை. வாகனத்தில் கமரா பூட்டிப் படம் எடுப்பது திரைப்படத்தின் தொடக்க காலத்திலேயே வந்துவிட்டது. 1890களில் ரயில் எஞ்சினின் முன்பக்கம் கமராவை வைத்து எடுத்தார்கள். 1906 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் கேபிள் டிராம் ஒன்றின் முன்னால் கமரா பூட்டி, ஒரு பெருந்தெரு வழியே ஓடிப் படம் பிடித்தார்கள். சில நாட்களில், 18ஆம் திகதி, நிலநடுக்கமும் தீயும் அந்தத் தெருவை அழித்தன. அதில் நடந்துபோகும் மனிதர்களையும் குறுக்கே வரும் குதிரை வண்டிகளையும் இன்றும் பார்க்கலாம். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 2006 ஓகஸ்ட்டில் போரால் மூடப்பட்ட, கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 பாதைதான் நினைவுக்கு வரும். அதற்கு முந்திய எங்கள் வீதியின் ஒரு நிமிடப் படம்கூட எங்கள் குடும்பத்தில் யாரிடமும் இல்லை.

ஞாயிறு அன்று முறிகண்டியில் இறங்கித் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு திரும்பினோம். அடுத்த கிழமை மருமகன் வட்டுவாகல் பாலம் வழியாக முள்ளியவளைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தான். கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவே, ஒடுங்கிய அந்தப் பாலத்தில் எதிர்வாகனத்துக்காகக் காத்து நின்றதுவரை எல்லாம் பதிவாகியிருந்தது. "வழிப்படம் கொண்டு வந்திருக்கிறன், பாருங்கோ" என்று தொலைக்காட்சியில் போட்டான். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டவாக வந்து இருந்தா. ஒரு வளைவு வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டு அப்பு, இதிலை ஒரு பாலை மரம் நின்றது" என்றா.