மாத்திரையை நிறுத்தச் சொல்லிப் புத்தர் சொல்லவில்லை

மனநல மருத்துவரான என்னிடம் இந்த மாதமும் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார்கள். பைபோலார் நோயாளி, அதாவது மனம் சில காலம் அளவுமீறிக் கிளர்ந்தும் சில காலம் கடுமையாகச் சோர்ந்தும் போகும் நோய். பல வருடமாக அதற்கான லித்தியம் மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, ஒழுங்காக வேலைக்குப் போய், குடும்பத்தைக் கவனித்து வந்தவர். மௌனத் தியான முகாமுக்குக் கிளம்பும்போது மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். வரும்போது தூக்கமே இல்லை, பேச்சு நிற்கவில்லை, தனக்கு ஞானம் கிடைத்துவிட்டதாகச் சொல்கிறார். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டதற்கு அவருடைய அண்ணன்தான் பதில் சொன்னார்: “துன்பமெல்லாம் மனசு உண்டாக்குறதுன்னு புத்தர் சொல்லியிருக்காராம் சார். இப்ப மூளை ஸ்கேன்லயும் நிரூபிச்சுட்டாங்கன்னு வீடியோவுல சொன்னாங்க. அப்புறம் மாத்திரை எதுக்குன்னு விட்டுட்டான்.”

அண்ணன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வீடியோக்கள் மேல் இருக்கிறது. புத்தரும் அப்படிச் சொல்லவில்லை, மூளை அறிவியலும் அப்படிச் சொல்லவில்லை.

புத்தரின் உரைகளைத் தொகுத்த சம்யுத்த நிகாயம் என்ற நூலில் அம்பு பற்றிய சூத்திரம் ஒன்று உண்டு. உடலில் வேதனை வருவது முதல் அம்பு. அதற்காகப் புலம்பி, மாரில் அடித்துக்கொண்டு அழுவது இரண்டாவது அம்பு. பயிற்சி பெற்றவருக்கு இரண்டாவது அம்பு தைப்பதில்லை என்கிறார் புத்தர். முதல் அம்பு அவருக்கும் தைக்கத்தான் செய்கிறது. வீடியோக்காரர்கள் விட்டுவிடுவது இந்தப் பாதியைத்தான். புத்தருக்கே முதுகுவலி இருந்தது. கபிலவஸ்துவில், தன் குலத்தாரான சாக்கியர்களின் புது மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தவர், முதுகு நோகிறது, கொஞ்சம் படுக்கிறேன், நீ தொடர்ந்து பேசு என்று சீடர் ஆனந்தரிடம் ஒப்படைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்.

மூளை ஆய்வு இதோடு ஒத்துப்போகும் இடம் உண்மையிலேயே அழகானது. 1997-ல் மான்ட்ரியலில் ஒரு சோதனை நடந்தது. சூடான நீரில் கையை வைக்கச் சொல்லி, அது தரும் தொல்லை உணர்வை மட்டும் ஹிப்னாடிஸம் மூலம் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். தொல்லை கூடக் குறைய, மூளையின் முன்புற சிங்குலேட் பகுதியின் செயல்பாடும் அதோடு மாறியது. தொடுவுணர்வையும் சூட்டையும் பதிவு செய்யும் பகுதியில் அப்படி மாற்றம் இல்லை. வலி ஒன்று, அது தரும் அவதி இன்னொன்று என்பதற்கு இது நல்ல சான்று. வலி பொய் என்பதற்கு இது சான்றே இல்லை. சுடுநீர் சுடுநீராகத்தான் இருந்தது.

ஸ்கேனைப் பற்றி ஒன்றை விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் எல்லோரும் அதைத்தான் என்னிடம் நீட்டுகிறார்கள். சிவப்பும் மஞ்சளுமாகப் படத்தில் தெரிவது மனதின் புகைப்படம் இல்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு எங்கே மாறுகிறது என்பதைப் பலரிடம் அளந்து, சராசரி எடுத்து, கணக்குப் போட்டு, அதன்மேல் நிறம் பூசியிருக்கிறார்கள். உங்கள் தம்பியின் மூளைக்கு என்ன ஆகும் என்று அந்தப் படம் சொல்லாது. எட்டு வாரத் தியானத்தில் மூளையின் சாம்பல்நிறப் பகுதி அடர்த்தியாகிறது என்று 2011-ல் வந்த ஆய்வு உலகமெங்கும் பரவியது. அதில் தியானம் பயின்றவர்கள் 16 பேர். பிக்குகளின் மூளையை ஆராய்ந்து பெயர் பெற்ற அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழுவே 2022-ல், 200-க்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்தபோது எட்டு வாரத்தில் அப்படிப்பட்ட மாற்றம் எதுவும் தெரியவில்லை. இதை யாரும் வீடியோவாகப் போடவில்லை. மூளை மாறினாலும்தான் என்ன? சைக்கிள் கற்றுக்கொண்டாலும் மூளை மாறும். அதனால் நோய் குணமாகிவிட்டது என்று ஆகாது.

தியானத்துக்கு நான் எதிரி இல்லை. மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்து, இப்போது தேறியிருப்பவர்களுக்கு நானே பரிந்துரைக்கிறேன். 2015-ல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 424 பேர் கலந்துகொண்டார்கள். தியானம் சார்ந்த சிகிச்சை எடுத்தவர்களில் 44 சதவீதம் பேருக்கும், மாத்திரையைத் தொடர்ந்தவர்களில் 47 சதவீதம் பேருக்கும் இரண்டு ஆண்டுக்குள் நோய் திரும்பியது. ஏறக்குறைய சமம்தான். ஆனால் அங்கே மருத்துவர் மேற்பார்வையில் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்தார்கள். பைபோலார் உள்ளவர்களைச் சேர்க்கவே இல்லை.

அடுத்து கர்மா. “போன ஜென்மப் பாவம், அனுபவிச்சுத்தான் தீரணும்” என்று பெற்ற தாயே மகள் எதிரில் சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாது. அதே சம்யுத்த நிகாயத்தில், ராஜகிருகத்தில் சீவகர் என்ற துறவி, அனுபவிப்பதெல்லாம் முன்வினைதானா என்று புத்தரிடம் கேட்கிறார். பித்தம், கபம், வாதம், இவை மூன்றும் சேர்ந்து கெடுவது, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல் என்று ஏழைச் சொல்லிவிட்டு எட்டாவதாகத்தான் வினையைச் சொல்கிறார் புத்தர். எல்லாமே முன்வினை என்பவர்கள் தவறு சொல்கிறார்கள் என்றும் சொல்கிறார். பிக்குகளுக்கு உணவு, உடை, உறைவிடத்தோடு மருந்தையும் தேவையாக வைத்தவர் அவர். மூளையில் வரும் நோயும் முதல் அம்புதான். அதற்கு மருந்து உண்டு.

சரி, முகாமுக்குப் போகத்தான் வேண்டும் என்றால் கேளுங்கள். பைபோலாரோ மனச்சிதைவோ வந்தவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நீண்ட மௌன முகாமுக்குப் போகாதீர்கள். விண்ணப்பத்தில் மனநோய் பற்றிக் கேட்டிருந்தால் மறைக்காதீர்கள். இடம் தர மறுத்தால் உங்கள் நல்லதுக்குத்தான். மாத்திரையை ஒரு வேளைகூட விடாதீர்கள். லித்தியம் சாப்பிடுபவர்கள் பட்டினியும் கிடக்கக் கூடாது, தண்ணீரையும் குறைக்கக் கூடாது. ரத்தத்தில் லித்தியம் ஏறி நச்சாகிவிடும். கை நடுக்கம் அதிகமானாலோ, நடை தள்ளாடினாலோ, வாந்தி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அதிகாலை எழுப்பும் முகாம்களில் தூக்கம் குறையும். இந்த நோய்க்காரர்களுக்குத் தூக்கம் கெட்டாலே போதும், நோய் கிளம்பிவிடும்.

குடும்பத்தாரிடம் கெஞ்சிக் கேட்கிறேன். இரண்டு இரவு தூங்காமலும் களைப்பே இல்லாமல் ஒருவர் இருந்தால், காதில் குரல் கேட்கிறது என்றால், அதை ஞானம் என்று வணங்கிக்கொண்டு இருக்காதீர்கள். அன்றைக்கே அழைத்து வாருங்கள், மாத்திரை அட்டையையும் கொண்டு வாருங்கள். சாகலாம் போல இருக்கிறது என்று யாராவது சொன்னால் தனியே விடாதீர்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.