பொட்டாசியத்துக்கு 2, 8, 9 போடும் பிள்ளைகள்

19 எலக்ட்ரான் உள்ள பொட்டாசியத்தின் எலக்ட்ரான் அமைப்பைக் கேட்டால், நன்றாகப் படிக்கிற பிள்ளையே 2, 8, 8, 1-க்குப் பதில் 2, 8, 9 என்று எழுதி வைக்கும். பதினோராம் வகுப்புக்கு வேதியியல் நடத்தும் யாரும் இதைப் பார்த்திருப்பார்கள். பிள்ளையின் கணக்கில் தப்பில்லை. மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான் வரை கொள்ளும் என்று நாம்தானே சொல்லிக்கொடுத்தோம்? "வெளிக்கூட்டில் 8-க்கு மேல் வராது, அவ்வளவுதான்" என்று வாயை அடைத்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கூட்டுக்குள் துணைக்கூடுகள் உண்டு. எஸ்-இல் 2, பி-இல் 6, டி-இல் 10, எஃப்-இல் 14. 18 எலக்ட்ரான் உள்ள ஆர்கானோடு 3பி, அதாவது மூன்றாவது கூட்டின் பி, நிரம்பிவிடும். 4எஸ் எலக்ட்ரான் அணுக்கருவின் அருகே வரை ஊடுருவுவதால், பொட்டாசியத்திலும் கால்சியத்திலும் அதன் ஆற்றல் 3டி-யைவிடக் குறைவு. அதனால் 19-ஆவது, 20-ஆவது எலக்ட்ரான்கள் 4எஸ்-க்குப் போகின்றன. அப்புறம் ஸ்கேண்டியம் முதல் துத்தநாகம் வரை பத்துத் தனிமங்களில் 3டி நிரம்புகிறது.

இப்போது தனிம வரிசை அட்டவணையைப் பாருங்கள். இடப்பக்கம் 2 நெடுவரிசை, வலப்பக்கம் 6, நடுவில் 10. கீழே தனியாகக் கிடப்பவை 14. துணைக்கூடுகளின் அதே எண்கள்தான். (சில அட்டவணைகளில் 15 கட்டம் இருக்கும், எங்கே வெட்டுவது என்ற தகராறு இன்னும் ஓயவில்லை.) ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் 1869-இல் தனிமங்களைப் பண்புகளை வைத்து அடுக்கியபோது எலக்ட்ரானே கண்டுபிடிக்கப்படவில்லை, அது 1897-இல்தான்.

அடுத்த பள்ளம் இரும்பு: 3டி-யில் 6, 4எஸ்-இல் 2. முதலில் நிரம்பியது 4எஸ், ஆகவே கடைசியில் வந்த 3டி எலக்ட்ரான்தான் முதலில் வெளியேறும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்கேண்டியத்திலிருந்தே 3டி ஆற்றலில் கீழே இறங்கிவிடுகிறது. அயனியாகும்போது முதலில் போவது 4எஸ்தான்.

இதில் ஒரு விஷமம் உண்டு. இரண்டு எலக்ட்ரானை இழந்த இரும்பின் +2 அயனிக்குத் தப்பாக 3டி-யில் 4, 4எஸ்-இல் 2 என்று போட்டாலும் இணையாகாத எலக்ட்ரான்கள் 4 வரும். சரியான விடையிலும் 4தான்! இணையாகாத எலக்ட்ரான்களின் எண்ணிக்கையை வைத்துப் போடும் காந்தத் திருப்புத்திறன் கணக்கில் முழு மதிப்பெண் விழும், தப்பு வெளியே தெரியாது. +3 அயனியில் குட்டு உடையும்: தப்பான வழியில் 3, சரியான வழியில் 5, விடை 3.87-க்குப் பதில் 5.92 போர் மேக்னட்டான் (காந்தத் திருப்புத்திறனின் அலகு).

வகுப்புத் தேர்வுக்கு வினா எடுக்கும் ஆசிரியர்கள் இனி +3 அயனியையே கேளுங்கள். +2 கேட்பதாக இருந்தால் எலக்ட்ரான் அமைப்பையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.