குளிரும் தடுப்பூசியைக் கெடுக்கும்: இணையவழிப் பயிற்சியால் ஆவதும் ஆகாததும்

தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே காவிரி டெல்டாவிலும் புதன்கிழமைதான் தடுப்பூசி நாள். அன்று காலை ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பதனப் பெட்டியிலிருந்து தடுப்பூசிக் குப்பிகளை எடுத்து, கேரியர் எனப்படும் கையில் தூக்கும் குளிர்காப்புப் பெட்டியில் அடுக்கி, வாய்க்கால் கரைச் சாலைகளில் ஊர் ஊராகக் கொண்டு செல்லும் கிராம சுகாதார செவிலியர்களுக்கும், அவர்களுக்குத் துணை நிற்கும் மருத்துவ உதவியாளர்களுக்கும் பயிற்சியின் ஒரு பகுதி இப்போது கைப்பேசித் திரை வழியாகவே வந்து சேர்கிறது. முத்துப்பேட்டையிலோ வேதாரண்யத்திலோ பணியாற்றுபவர் வகுப்புக்காக மாவட்டத் தலைநகர் வரை அலைய வேண்டியதில்லை என்பது பெரிய வசதிதான். ஆனால் அந்தத் திரை எதைக் கற்றுத் தரும், எதைத் தராது என்பதைப் பொறுத்தே குழந்தைக்குப் போய்ச் சேரும் மருந்தின் வீரியம் அமைகிறது.

வெயிலுக்குப் பயப்பட யாருக்கும் பயிற்சி தேவையில்லை. கத்திரி வெயிலில் ஐந்தாறு கிலோமீட்டர் வண்டியோட்டும் ஒருவர், மருந்து கெட்டுவிடுமோ என்ற அக்கறையில், டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்குகளைக் கல் போல் உறைந்த நிலையிலேயே கேரியருக்குள் வைத்துவிடுகிறார். கேடு அங்கேதான் தொடங்குகிறது. பென்டாவேலன்ட், ஹெபடைட்டிஸ் பி, டி.பி.டி. போன்ற தடுப்பூசிகளில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் மூலக்கூறுகள் நுண்ணிய அலுமினிய உப்புத் துகள்களின் மேல் ஒட்டியிருக்கின்றன. வெப்பநிலை 0 டிகிரிக்குச் சற்றுக் கீழே இறங்கி நீர் உறையும்போது இந்தத் துகள்கள் நெருக்கப்பட்டு ஒன்றோடொன்று திரண்டுவிடுகின்றன. பிறகு உருக வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. எனவே தடுப்பூசியை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும் என்ற விதியில், மேல் எல்லையைப் போலவே கீழ் எல்லையும் கண்டிப்பானது.

குப்பி உறைந்து உருகிய சந்தேகம் எழும்போது செய்யும் குலுக்கல் சோதனையும் இதே அறிவியலில்தான் நிற்கிறது. அதே நிறுவனம், அதே தொகுப்பைச் சேர்ந்த ஒரு குப்பியை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக்கி, சந்தேகக் குப்பியோடு சேர்த்துக் குலுக்கி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் அசையாமல் வைக்க வேண்டும். உறைந்த குப்பியில் திரண்ட துகள்கள் விரைவாக அடியில் படிய, மேலே தெளிந்த நீர் நிற்கும். சந்தேகக் குப்பியும் அதே வேகத்தில் தெளிந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. இதைப் பத்துப் பக்கம் எழுதி விளக்குவதைவிட, இரு குப்பிகளும் படியும் காட்சியை வெட்டாமல் காட்டும் ஒரு காணொளி நன்றாகப் புரிய வைக்கும். திரைவழிப் பயிற்சியின் பலம் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது.

குப்பியின் மேல் ஒட்டப்படும் வி.வி.எம். என்ற வெப்பக் குறியையும் படங்களால் நன்கு பயிற்றுவிக்கலாம். வட்டத்துக்குள் உள்ள சதுரத்தில் பூசப்பட்ட வேதிப்பொருள் வெப்பத்தால் மெல்ல மெல்லப் பல்லுறுப்பாக மாறி நிறம் கருக்கிறது. சூடு கூடக் கூட அந்த மாற்றம் விரைகிறது, ஒருபோதும் பின்வாங்குவதில்லை. வெப்பமானி இந்த நிமிடத்துச் சூட்டைச் சொல்லும், வி.வி.எம். அந்தக் குப்பி இதுவரை பட்ட சூடு முழுவதையும் கூட்டிச் சொல்லும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்த பிறகு டெல்டாவின் பல ஊர்கள் நாள்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்தன. அத்தகைய வேளையில் ஐ.எல்.ஆரின் சுவரில் உள்ள பனிக்கட்டி அடுக்கு ஓரளவுக்குத்தான் தாக்குப்பிடிக்கும்; அதன்பின் ஒவ்வொரு குப்பியின் கதையையும் அதன் சதுரமே சொல்ல வேண்டும். சதுரம் வட்டத்தைவிட வெளிறியிருந்தால் பயன்படுத்தலாம், அதே நிறத்தை எட்டினாலோ மேலும் கருத்தாலோ விலக்க வேண்டும். ஆனால் உறைதலை இந்தக் குறி காட்டவே காட்டாது. இதைப் பயிற்சி அழுத்திச் சொல்லியாக வேண்டும்.

ஆகவே, ‘வி.வி.எம். என்றால் என்ன?’ என்று கேட்கும் தேர்வு வீண் என்பேன். நான்கு குப்பிகளின் படத்தைக் காட்டி, ‘இன்று எவற்றை எடுத்துச் செல்வீர்கள்?’ என்று கேட்பதே தேர்வு. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். ஒரே அமர்வில் முடித்துச் சான்றிதழ் வாங்கும் வகுப்பைவிட, சில வாரங்கள் கழித்து மீண்டும் கேள்வியோடு வந்து நிற்கும் வகுப்பு மேலானது என்பதற்கு இதுவே காரணம்.

உயிரோடு விளையாடும் தவறுகளை இப்படித் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். 2014-இல் சிரியாவின் இட்லிப் பகுதியில், தட்டம்மைத் தடுப்பூசியைக் கரைப்பதற்கான திரவத்துக்குப் பதிலாகத் தசையைத் தளர்த்தும் மருந்து கலக்கப்பட்டு 15 குழந்தைகள் இறந்தார்கள். கரைப்பான் எது என்பதைப் பெயர் படித்து உறுதி செய்வதும், கரைத்த தட்டம்மை–ரூபெல்லா, பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) மருந்துகளை 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்காததும், டெல்டாவின் எந்தத் துணை நிலையத்திலும் விலக்கற்ற விதிகள்.

இனித் திரையால் ஆகாதவை. உறைந்த ஐஸ் பேக்கை வெளியே வைத்து, காதருகே கொண்டுபோய்க் குலுக்கும்போது உள்ளே நீர் அசையும் சலசலப்பு கேட்ட பிறகே கேரியரில் வைக்க வேண்டும். அந்த ஒலியைக் காது ஒருமுறையாவது கேட்டுப் பழக வேண்டும். பி.சி.ஜி. ஊசியைத் தோலுக்குள்ளேயே, ஏறக்குறைய தோலோடு படிந்தாற்போலச் செலுத்தும்போது, தோல் வெளுத்து ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சிறு மேடாக எழ வேண்டும். மேடு எழாவிட்டால் மருந்து ஆழத்தில் போய்விட்டது என்று பொருள். ஊசி சரியான ஆழத்தில் இருக்கும்போது தோல் காட்டும் எதிர்விசையைக் காணொளியால் விரலுக்குக் கடத்த முடியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூத்த செவிலியர் ஒருவர் அருகில் நின்று, புதியவர் ஐஸ் பேக்கைப் பதப்படுத்துவதையும் முதல் சில ஊசிகளைப் போடுவதையும் கண்ணால் பார்த்துத் திருத்தி, திரையில் பெற்ற மதிப்பெண்ணின் பக்கத்திலேயே அதையும் பதிவேட்டில் எழுதிய பிறகுதான் அவரைத் தனியாக ஊருக்கு அனுப்ப வேண்டும்.