சொல் விளக்கம்: பயோகிளைமேட்டிக் ஆர்க்கிடெக்சர்

ஓர் இடத்தின் வெயில், காற்று, ஈரப்பதம், மழை எல்லாவற்றையும் முதலில் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஏசியும் ஹீட்டரும் கூடியவரை தேவைப்படாதபடி கட்டடத்தை வடிவமைப்பதுதான் பயோகிளைமேட்டிக் ஆர்க்கிடெக்சர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'உயிரிக் காலநிலைக் கட்டடக்கலை' என்று வரும். படிப்பவருக்கு மாடியெல்லாம் செடி வைத்த கட்டடம்தான் நினைவுக்கு வரும். சிக்கல் அந்த 'பயோ'வில் இருக்கிறது.

வேரைப் பார்ப்போம். கிரேக்கத்தில் 'பயோஸ்' என்றால் உயிர், வாழ்க்கை. 'கிளீமா' என்றால் சாய்வு. நிலநடுக்கோட்டிலிருந்து துருவத்தை நோக்கிப் போகப் போக வெயில் சாய்ந்து விழுகிறது. பண்டைய கிரேக்கப் புவியியலாளர்கள் அதை வைத்தே உலகைப் பட்டை பட்டையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் கிளீமா என்றார்கள். ஆக அந்தச் சொல் முதலில் குறித்தது இடத்தை. பருவநிலை என்ற பொருள் பிறகு வந்தது. 'ஆர்க்கிடெக்டன்' என்பவர் தலைமைத் தச்சர். நம் கல்வெட்டுகளில் வரும் பெருந்தச்சன் கிட்டத்தட்ட அதே சொல்தான்.

'பயோகிளைமேட்டிக்' கட்டடத்துக்காகப் பிறந்த சொல்லும் அல்ல. அமெரிக்கப் பூச்சியியலாளர் ஆண்ட்ரூ ஹாப்கின்ஸ் 1918-இல் 'பயோகிளைமேட்டிக் விதி' என ஒன்றை வெளியிட்டார். வட அமெரிக்காவில் ஒரு பாகை வடக்கே போனாலோ 400 அடி மேலே ஏறினாலோ, இளவேனிலில் மொட்டு விடுவது போன்ற நிகழ்வுகள் ஏறத்தாழ நான்கு நாள் தள்ளிப்போகும் என்பது அதன் சாரம். கட்டடக்கலைக்கு இந்தச் சொல்லைக் கொண்டுவந்து நிலைநிறுத்தியவர்கள், ஹங்கேரியிலிருந்து அமெரிக்கா போன ஓல்கியாய் இரட்டையர்களான விக்டரும் அலாடாரும். 1950-களில் அவர்கள் செய்த ஆய்வுகளைத் தொகுத்து விக்டர் 1963-இல் நூலாக வெளியிட்டார்.

அந்த ஆய்வுகளில் அவர்கள் போட்ட வரைபடத்தைப் பார்த்தால் 'பயோ' எதைக் குறிக்கிறது என்று விளங்கிவிடும். ஓர் அச்சில் வெப்பநிலை, இன்னொன்றில் ஒப்பு ஈரப்பதம் (அந்த வெப்பநிலையில் காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பது), நடுவில் நிழலில் இருக்கும் மனிதருக்கு இதமான பகுதி. அன்றைய நிலை அந்தப் பகுதிக்கு மேலே போனால் காற்றோட்டம் வேண்டும், அல்லது நீர் ஆவியாகிக் குளிர்விக்க வேண்டும். கீழே போனால் வெயிலை உள்ளே விட வேண்டும். இந்த உயிர் மனித உடல்தான். வியர்க்கிற, நடுங்குகிற உடல். அமெரிக்காவின் மிதவெப்பப் பகுதி மக்களை மனதில் வைத்துப் போட்ட வரைபடம் என்பதால், வேறு அட்சரேகைகளில் இதப் பகுதியை மாற்றிக்கொள்ள வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது.

உடலை அளவுகோலாக வைத்தால், எல்லா ஊருக்கும் ஒரே 'நல்ல சுவர்' கிடையாது என்பது தெரியும். பகலில் கொளுத்தி இரவில் சட்டென்று குளிரும் வறண்ட நிலத்தில் தடித்த மண்சுவரும் சிறிய திறப்புகளும் உதவும். பகல் வெப்பம் சுவரைக் கடந்து உள்ளே வருவதற்குள் இரவாகிவிடும். இரவுக் குளிரில் சுவரும் ஆறிவிடும். அதே சுவரை ஈரம் மிகுந்த கடலோரத்தில் எழுப்பினால் கதை வேறு. அங்கே இரவும் அவ்வளவாகக் குளிராது, வாங்கிய வெப்பம் சுவரிலேயே தங்கிவிடும். அங்கே வேண்டியது எதிரெதிர்த் திறப்புகள், அகன்ற தாழ்வாரம், கனமில்லாத சுவர். மண்வீடு எங்கேயும் குளிர்ச்சி என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். திசையும் முக்கியம். காலையிலும் மாலையிலும் சூரியன் தாழ்ந்து நிற்பதால் கிழக்கு, மேற்குச் சன்னல்களைக் கிடைமட்டச் சன்ஷேடு அவ்வளவாகக் காக்காது. செங்குத்துத் தடுப்போ மரமோ வேண்டும். உயரமான கட்டடங்களுக்கும் இது பொருந்தும் என்று காட்டியவர் மலேசியக் கட்டடக்கலைஞர் கென் யாங். அவர் வடிவமைத்து 1992-இல் முடிந்த மெனாரா மெசினியாகா கட்டடத்தில் வெயில் தடுப்புகளும் தளம் தளமாகச் சுற்றி ஏறும் தோட்டங்களும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'தட்பவெப்பம்' அழகான சொல். தட்பம், வெப்பம் என உடல் உணரும் இரண்டும் அதில் இருக்கின்றன. ஆனால் ஈரமும் காற்றும் அதில் இல்லை. 'காலநிலை' வழக்கில் ஊன்றிவிட்டது, ஆனால் அதில் காலம் மட்டும் இருக்கிறது, இடம் இல்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னது தொல்காப்பியம்தான்: பாட்டுக்கு அடிப்படையான முதற்பொருள் என்பது நிலமும் பொழுதும். அதிலிருந்து புதுச்சொல் உருவாக்க ஆசைதான், ஆனால் யாருக்கும் புரியாது. எனவே கலைச்சொல்லாக 'காலநிலை இசைவுக் கட்டடக்கலை'யையும், பேச்சுவாக்கில் 'தட்பவெப்பத்துக்கு இசைந்த வீடு' என்பதையும் பரிந்துரைப்பேன். 'உயிரி' வேண்டாம், 'இசைவு' என்ற சொல்லிலேயே யாருக்கு இசைய வேண்டும் என்ற கேள்வி இருக்கிறது.

கருத்து நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் சன்னலுக்குப் பெயர் காலதர்: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. (இன்றைய 'சன்னல்' போர்ச்சுகீசியம் தந்தது.) நெடுநல்வாடையில், வேனிற்காலப் பள்ளியறைக்குத் தென்றலைக் கொண்டுவரும் சாளரங்களைக் கூதிர்க் குளிரில் தாழிட்டு வைக்கிறார்கள். பருவத்துக்கு ஏற்ப வீட்டைத் திறந்து மூடுவது என்பது இதுதானே.

பக்கத்துச் சொற்களிலும் கவனம் வேண்டும். 'சஸ்டெய்னபிள்' (வருங்காலத்துக்கும் வளத்தை மிச்சம் வைக்கிற) என்பதற்குத் தமிழ்நாட்டில் 'நீடித்த' என்றும் இலங்கையில் 'நிலைபேறான', 'பேண்தகு' என்றும் எழுதுகிறார்கள். 'நீடித்த கட்டடம்' என்றால் நெடுநாள் இடியாத கட்டடம் என்று படிக்க இடமுண்டு. 'பேண்தகு' அந்தக் குழப்பம் தராது. 'பசுமைக் கட்டடம்' இன்னும் அகலமானது: தண்ணீர், கழிவு, கட்டுமானப் பொருள் எல்லாம் அதில் அடங்கும். 'பாசிவ் டிசைன்' என்பதைச் 'செயலற்ற வடிவமைப்பு' என்று பெயர்ப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். பழுதாகிக் கிடக்கும் கட்டடம் போலத் தொனிக்கிறது. 'இயந்திரம் சாரா வடிவமைப்பு' என்று எழுதிவிடலாம்.