அண்டார்டிகா: பேருக்கு அர்த்தம் என்ன, தமிழ்ல என்னன்னு சொல்லலாம்

அண்டார்டிகாங்கிற பேருக்குள்ள ஒரு கரடி இருக்கு. கிரேக்க மொழியில ஆர்க்டோஸ்னா கரடி. காட்டுல திரியற கரடி இல்ல, வானத்துல இருக்கற கரடி. நாம சப்தரிஷி மண்டலம்னு சொல்றோமே, அந்த ஏழு நட்சத்திரத்தையும் அதச் சுத்தி இருக்கறதையும் சேத்து கிரேக்கர்கள் பெருங்கரடின்னாங்க, துருவ நட்சத்திரம் இருக்கற கூட்டத்த சிறுகரடின்னாங்க. ரெண்டும் வடக்கு வானத்துலயேதான் சுத்திக்கிட்டு இருக்கும், அதனால கரடி இருக்கற பக்கம்னாலே வடக்குன்னு ஆயிடுச்சு, ஆர்க்டிகோஸ், அதுதான் இப்ப நாம சொல்ற ஆர்க்டிக். அதுக்கு முன்னாடி எதிர்ங்கிற அர்த்தத்துல அன்டி சேந்தா அன்டார்க்டிகோஸ், அதாவது கரடிக்கு நேர் எதிர்ப்பக்கம். பேரோட அர்த்தம் இவ்ளோதான்.

இத ஏன் அழுத்திச் சொல்றேன்னா, வடக்குல பனிக்கரடி இருக்கறதால ஆர்க்டிக்னு பேரு, தெற்குல பனிக்கரடி இல்லாததால அண்டார்டிக்னு பேருன்னு ஒரு விளக்கம் பல எடத்துல சுத்துது. கேக்க அழகா இருக்கு, ஆனா தப்பு. பேரு வெச்சவங்க பாத்தது நட்சத்திரத்த. பனிக்கரடி வடக்குல மட்டும் இருக்கு, அண்டார்டிகாவுல ஒண்ணு கூட கிடையாதுங்கறது உண்மைதான், அது பேரோட தற்செயலா பொருந்திப் போனது. பென்குயின் அதுக்கு எதிர், ஆர்க்டிக்ல கிடையாது. குழந்தைங்க புத்தகத்துல ரெண்டையும் ஒரே பனிக்கட்டி மேல நிக்க வெச்சு வரையறாங்க பாருங்க, அந்தப் படத்த தயவுசெஞ்சு குழந்தைக்கு திருத்திச் சொல்லுங்க.

இந்தக் கரடி நம்ம பக்கமும் வந்திருக்கு. சமஸ்கிருதத்துல ருக்ஷ-ன்னா கரடி, இதுவும் ஆர்க்டோஸும் ஒரே வேர்ல இருந்து வந்த சொல்லுங்க. ரிக்வேதத்துல ராத்திரி வானத்துல ஒசரத்துல தெரியற நட்சத்திரங்கள இதே சொல்லாலதான் சொல்லியிருக்கு, அத பெருங்கரடி கூட்டம்னு அறிஞர்கள் எடுத்துக்கறாங்க, ஏழு ரிஷிங்கன்னு நிலைச்சது அப்புறம்தான். தமிழ்ல பழைய பேரு எழுமீன். நற்றிணையில 'கைதொழு மரபின் எழுமீன்'னு வருது, கும்பிடற வழக்கம் உள்ள ஏழு நட்சத்திரம். ஆக அதே நட்சத்திரங்களுக்கு அவங்க கரடின்னாங்க, நாம எண்ணிக்கைய வெச்சு பேரு வெச்சோம்.

இப்ப அடுத்த விஷயம், எனக்கு இதுல ரொம்பப் புடிச்ச பகுதி. இந்தச் சொல் கண்டத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. அரிஸ்டாட்டில் காலத்துலயே தெற்கு முனைய இந்தப் பேரால சொல்லியிருக்காங்க, அப்ப யாரும் அங்க போனது கிடையாது, நிலம் இருக்கான்னே தெரியாது. 1555-ல பிரெஞ்சுக்காரங்க பிரேசில்ல, இன்னைக்கு ரியோ டி ஜெனிரோ இருக்கற விரிகுடாவுல ஒரு குடியேற்றம் வெச்சாங்க, அதுக்கு வெச்ச பேரு பிரான்ஸ் அன்டார்க்டிக். பனி ஒரு துளி கிடையாது, சும்மா தெற்குப்பக்க பிரான்ஸ்னு அர்த்தம், அவ்ளோதான். அப்ப வரைக்கும் இந்தச் சொல்லுக்கு குளிரோட சம்பந்தமே இல்ல, அது வெறும் திசையக் காட்டற சொல்.

தெற்குல ஒரு பெரிய நிலம் இருந்தே ஆகணும்னு ஐரோப்பாவுல ரொம்ப நாளா நம்பிக்கிட்டு இருந்தாங்க, அந்தக் கற்பனை நிலத்துக்கு லத்தீன்ல டெர்ரா ஆஸ்ட்ராலிஸ்னு பேரு, தெற்கு நிலம்னு அர்த்தம். பிரிட்டிஷ் மாலுமி ஜேம்ஸ் குக் 1773 ஜனவரி 17 அன்னைக்கு அண்டார்டிக் வட்டத்த, அதாவது சுமார் 66.5 டிகிரி தெற்கு அட்சரேகைய, தாண்டினாரு, அந்தப் பயணத்துல கண்டத்தையே சுத்தி வந்தும் நிலம் கண்ணுல படவே இல்ல, பனிதான் மறிச்சுச்சு. அப்புறம் 1814-ல இன்னொரு பிரிட்டிஷ் மாலுமி மேத்யூ ஃபிளிண்டர்ஸ் என்ன பண்ணுனாருன்னா, இதுக்கும் தெற்க இவ்ளோ பெரிய நிலம் இனிமே கிடைக்க வாய்ப்பில்லன்னு எழுதி, தெற்கு நிலம்ங்கிற பேர எடுத்து அப்ப நியூ ஹாலந்துன்னு இருந்த நாட்டுக்கு ஆஸ்திரேலியான்னு வைக்கலாம்னு சொல்லிட்டாரு. ஆறே வருஷம், 1820 ஜனவரியில ரஷ்யக் கப்பல்ல போன பெல்லிங்ஸ்ஹாசனும், சில நாள்லயே பிரிட்டிஷ்காரர் பிரான்ஸ்ஃபீல்டும் நிஜமான தெற்குக் கண்டத்தப் பாத்துட்டாங்க. ஆனா பேரு போயாச்சு. அதனாலதான் மிச்சம் இருந்த கிரேக்கச் சொல் இதுக்கு வந்துச்சு, 1890கள்ல ஸ்காட்லாந்து வரைபடக்காரர் ஜான் ஜார்ஜ் பார்த்தலோமியு அண்டார்டிகான்னு கண்டத்தோட பேரா போட்டு பரப்பினாரு.

சரி, தமிழ்ல என்ன? பெரும்பாலும் பத்திரிகையில தென் துருவம்னு எழுதறாங்க. இங்கதான் எனக்கு வருத்தம். தென் துருவம்ங்கறது ஒரு புள்ளி, கண்டம் இல்ல. பூமி சுத்தற அச்சு தெற்குல வெளிய வர்ற எடம், அவ்ளோதான் அதோட அளவு. அந்தக் கண்டம் சுமார் 1 கோடியே 40 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவப் போல நாலு மடங்குக்கு மேல. இந்தியாவோட மைத்ரி நிலையம் தென் துருவத்தில் இருக்கிறதுன்னு செய்தியில வர்றப்பல்லாம் யோசிச்சுப் பாருங்க, மைத்ரி கிட்டத்தட்ட 71 டிகிரி தெற்கு அட்சரேகையில கடற்கரைக்கு பக்கத்துல இருக்கு, அங்க இருந்து துருவத்துக்கு 2,000 கிலோமீட்டருக்கு மேல போகணும்.

துருவத்துல நிக்கறது அமெரிக்காவோட அமுண்ட்சென்-ஸ்காட் நிலையம். அங்க துருவப் புள்ளிய காட்ட ஒரு கம்பம் நட்டு வெச்சிருக்காங்க. கம்பம் நிக்கறது தரையில இல்ல, கிட்டத்தட்ட 2,700 மீட்டர் கனமான பனிக்கட்டி மேல, அந்தப் பனிக்கட்டி வருஷத்துக்கு சுமார் 10 மீட்டர் கடல் பக்கமா நகந்துக்கிட்டே இருக்கு. அதனால கம்பமும் துருவத்த விட்டு தள்ளிப் போயிடும், ஒவ்வொரு வருஷமும் ஜனவரி 1 அன்னைக்கு சரியான எடத்த அளந்து புதுசா ஒரு கம்பம் நடறாங்க. இத தவிர காந்தத் தென்முனைன்னு ஒண்ணு இருக்கு, காம்பஸ் ஊசி காட்டற முனை, அது இப்ப கண்டத்துலயே இல்ல, கரைக்கு வெளிய கடல்ல இருக்கு, அண்டார்டிக் வட்டத்துக்கும் வெளிய. 1909-ல அதத் தேடிப் போன மூணு பேரு நிலத்து மேல பனியில நடந்துதான் போனாங்க. முனை நகருது, அதான் காரணம்.

துருவம்ங்கற சொல்லே வடமொழி, த்ருவ, அசையாததுன்னு அர்த்தம். அசையாத நட்சத்திரம் துருவ நட்சத்திரம், அதுக்குக் கீழ இருக்கற முனை வட துருவம்னு வந்திருக்கு. தெற்கு வானத்துல முனைக்கு நேரா பளிச்சுன்னு தெரியற நட்சத்திரம் எதுவும் கிடையாது. அதனால தமிழ்ல முனைங்கற சொல்லே இதுக்குப் பொருத்தம்னு நெனைக்கறேன், வடமுனை, தென்முனை. புள்ளியச் சொல்லணும்னா தென்முனை. கண்டத்தச் சொல்லணும்னா தென்முனைக் கண்டம். கூட கண்டம்னு ஒரு சொல் சேத்தா குழப்பமே வராது.

தென்புலம்னு வைக்கலாமேன்னு சிலர் கேக்கறாங்க. புலம்னா நிலம்தான், ஆனா தமிழ்ல தென்புலத்தார்னா இறந்துபோன முன்னோர்கள், குறள்லயே அந்த அர்த்தத்துல வந்திருக்கு. அத எடுத்து ஆராய்ச்சிக்காரங்க வேலை பாக்கற எடத்துக்கு வைக்கறது எனக்கு சரியா படல.

ஆனா அண்டார்டிகாங்கற பேர விட்டுடணும்னு நான் சொல்ல வரல. அது சிறப்புப் பேரு, ஆப்பிரிக்கா ஐரோப்பா மாதிரி அப்படியே இருக்கட்டும், அர்த்தம் விளக்கற எடத்துல தென்முனைக் கண்டம்னு போடலாம். எழுத்துதான் ஆளுக்கு ஒண்ணு. தமிழ்நாட்டுல அண்டார்டிகா, அண்டார்ட்டிகா ரெண்டும் இருக்கு, இலங்கையில அந்தாட்டிக்கான்னு எழுதுவாங்க. இலங்கை எழுத்தப் பாத்து தப்புன்னு சொல்லாதீங்க, ஆங்கிலத்துலயே நடுவுல வர்ற க் ஒலி பழைய காலத்துல எழுத்துல இல்ல, பதினாலாம் நூற்றாண்டுல சாசர் அது இல்லாமதான் எழுதினாரு, அப்புறம் லத்தீனப் பாத்து திரும்ப சேத்துக்கிட்டாங்க. ஒரு கட்டுரைக்குள்ள ஒரே மாதிரி எழுதினா போதும்.

அண்டார்டிகா எந்த நாடு, யாரு ராஜான்னு அடிக்கடி கேக்கறாங்க. நாடே இல்ல. ஏழு நாடு எங்களுக்கு பங்கு இருக்குன்னு சொல்லுது, அர்ஜென்டினா, ஆஸ்திரேலியா, சிலி, பிரான்ஸ், நியூசிலாந்து, நார்வே, பிரிட்டன். 1959 டிசம்பர் 1-ல பன்னெண்டு நாடு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அந்த உரிமைப் பேச்ச அப்படியே நிறுத்தி வெச்சிருக்கு, ராணுவ வேலையோ அணுகுண்டுச் சோதனையோ அங்க நடக்கக் கூடாது. அந்த ஒப்பந்தத்தோட சேந்த 1991 மாட்ரிட் நெறிமுறை சுரங்கம் தோண்டறதையும் தடுத்துருச்சு. 1959 ஒப்பந்தத்துல இந்தியா 1983-ல சேந்துச்சு. பூர்வகுடிகள் கிடையாது, கோடையில சுமார் 5,000 பேரு, குளிர்காலத்துல 1,000 பேரு போல நிலையங்கள்ல தங்குவாங்க. கோடைன்னா அங்க டிசம்பர், ஜனவரி. ரஷ்யாவோட வோஸ்டாக் நிலையத்துல மைனஸ் 89.2 டிகிரி செல்சியஸ் பதிவானது 1983 ஜூலை 21-ல, அது நடு குளிர்காலம். இவ்ளோ பனி இருந்தும் அது பாலைவனம்தான், உள்பகுதியில வருஷத்துக்கு விழற பனிய உருக்கி அளந்தா 50 மில்லிமீட்டர் அளவுதான் தேறும், விழுந்தது உருகாம லட்சக்கணக்கான வருஷமா சேந்து நிக்குது.

பேருக்கு அடுத்து தமிழ்ல கவனிக்க வேண்டியது பனிங்கற சொல். மார்கழியில புல்லு மேல நிக்கறதும் பனி, மேல இருந்து கொட்டறதும் பனி, ரெண்டு கிலோமீட்டர் கனத்துல கெடக்கறதும் பனின்னா படிக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது. 2017 ஜூலையில அண்டார்டிகா கரையில இருக்கற லார்சன் சி-ங்கற பனியடுக்குல இருந்து ஏ-68-ன்னு பேரு வெச்ச சுமார் 5,800 சதுர கிலோமீட்டர் துண்டு ஒடஞ்சுதே, அப்ப ஒடஞ்ச துண்டும் பனிப்பாறை, ஒடைஞ்சது எதுல இருந்தோ அதுவும் பனிப்பாறைன்னு செய்தி வந்துச்சு. கண்டத்து மேல போத்துன மாதிரி கெடக்கறது பனிவிரிப்பு, அதுல இருந்து ஆறு போல மெதுவா எறங்கறது பனியாறு, கரையோட ஒட்டிக்கிட்டே கடல் மேல மெதக்கறது பனியடுக்கு, ஒடைஞ்சு தனியா மெதக்கறதுதான் பனிப்பாறை. கடல் தண்ணியே ஒறைஞ்சா கடற்பனி. இந்த வித்தியாசம் முக்கியம், ஏன்னா ஏற்கனவே மெதக்கறது உருகினா கடல் மட்டம் பெருசா ஏறாது, நிலத்து மேல இருக்கற பனிவிரிப்பு கடலுக்கு வந்தா ஏறும், அது மொத்தமும் உருகினா சுமார் 58 மீட்டர்.

பனியில இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்ங்கறதுக்கு, அண்டார்டிகாவுல இந்தியாவோட முதல் நிலையம் தட்சிண கங்கோத்ரியே உதாரணம். தெற்கு கங்கோத்ரின்னு அர்த்தம், 1983-84-ல கட்டினாங்க, 84-ல உள்ள ஒரு தபால் ஆபீஸ் கூட திறந்தாங்க. கட்டுன எடம் பனியடுக்கு, வருஷா வருஷம் மேல பனி சேர சேர கட்டடம் புதைஞ்சு போச்சு, 1990-ல மூட வேண்டியதாச்சு. அந்த அனுபவத்துலதான் மைத்ரிய பனியில்லாத பாறை நிலத்துல கட்டினாங்க, ஷிர்மாகர் பாலைச்சோலைன்னு அந்த எடத்துக்குப் பேரு, பக்கத்துல நல்ல தண்ணி ஏரி இருக்கு. 2012-ல வந்த பாரதி நிலையமும் பாறை மேலதான்.

இன்னொரு பேரும் இங்க வரணும், கோண்ட்வானா. மத்திய இந்தியாவுல கோண்டு மக்கள் வாழற பகுதியோட பேரு அது. ஆஸ்திரிய புவியியலாளர் எடுவர்ட் சூஸ் அத ஒரு பழைய பெருங்கண்டத்துக்கு வெச்சாரு, அண்டார்டிகா, இந்தியா, இலங்கை, ஆப்பிரிக்கா எல்லாம் ஒட்டி இருந்த காலத்துக்கான பேரா அது இன்னைக்கு நிக்குது. கிழக்குத் தொடர்ச்சி மலைப் பாறையும் கிழக்கு அண்டார்டிகா கரைப் பாறையும் ஒண்ணுக்கொண்ணு பொருந்துது, இலங்கையோட நடு மலைநாட்டுப் பாறைக்கு ஜோடி அங்க லுட்சோ-ஹோம் விரிகுடா ஓரத்துல இருக்கு. 1912-ல துருவத்துக்குப் போன பிரிட்டிஷ்காரர் ராபர்ட் ஸ்காட்டோட குழு திரும்பற வழியில பசியோட இழுத்துக்கிட்டு வந்த கல்லுங்கள்ல குளோசாப்டெரிஸ்ங்கற பழங்காலச் செடியோட இலைப் புதைபடிவம் இருந்துச்சு, அதே செடியோட படிவம் இந்திய நிலக்கரிப் படிவுகள்லயும் கிடைக்குது.