சுரண்டல் சினிமா வேண்டாம், தூண்டில் படம் என்போம்

போன மாதம் ஒரு திரைப்படச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போயிருந்தேன். 1970-களில் வந்த ஜப்பானியப் படம் ஒன்றைத் திரையிட்டார்கள். அழைப்பிதழில் 'ஜப்பானியச் சுரண்டல் சினிமா: ஓர் அறிமுகம்' என்று போட்டிருந்தது. அறிமுக உரையிலும் அந்தச் சொல் ஏழெட்டு முறை வந்தது. என் பக்கத்தில் ஓய்வுபெற்ற தொழிற்சங்கக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கூலி, போனஸ், கதவடைப்பு என்றே வாழ்ந்தவர். தொழிலாளர் சுரண்டலைப் பற்றிய படமாக்கும் என்று நம்பிக் கல்லூரியில் படிக்கும் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். படம் ஆரம்பித்து இருபதாவது நிமிடத்தில் இரண்டு பேரும் எழுந்து போய்விட்டார்கள். வாசலைத் தாண்டும் வரை அவர் தலை நிமிரவில்லை.

தப்பு அவர்மேல் இல்லை, அழைப்பிதழ்மேல்தான். தமிழில் சுரண்டல் என்றால் என்ன பொருளோ, அதை அவர் சரியாகப் புரிந்துகொண்டு வந்தார். உடம்பையும் வன்முறையையும் காட்டிக் கூட்டம் சேர்க்கும் படங்களை ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளாய்டேஷன் ஃபிலிம் என்பார்கள். அந்தத் தொடரை அகராதியில் முதலில் கிடைத்த சொல்லை வைத்து மாற்றி எழுதியதால் வந்த வினை இது. பல வருடமாகப் பார்த்துச் சலித்துவிட்டதால் இந்த முறை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

மூலச் சொல்லின் பூர்வீகத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மடிப்பைப் பிரித்து விரிப்பது என்ற பொருளுள்ள லத்தீன் வினைதான் வேர். பழைய பிரெஞ்சில் அது செய்து முடித்த காரியத்தையும் அதன் பலனையும் குறித்தது. அப்புறம் சுரங்கம், காடு, நிலம் இவற்றில் வேலை செய்து பலன் எடுப்பதற்கு ஆனது. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சான் சிமோன் என்ற சிந்தனையாளரின் வழிவந்த பிரெஞ்சு சோஷலிஸ்டுகள், மனிதனை மனிதனே அப்படிப் பயன்படுத்திக்கொள்வதைக் குறிக்க அதே சொல்லை எடுத்தார்கள். மார்க்ஸ் வழியாக அது உலகமெல்லாம் பரவியது. நாம் சுரண்டல் என்று மொழிபெயர்த்தது இந்தக் கிளையைத்தான்.

சினிமாவுக்கு வந்தது வேறொரு கிளை. 1910, 1920-களின் அமெரிக்கத் திரைப்படத் தொழிலில் எக்ஸ்ப்ளாய்டேஷன் என்றால் விளம்பரம். சுவரொட்டி, தியேட்டர் வாசல் ஜோடனை, தெரு ஊர்வலம் எல்லாம் அதில் அடக்கம். போதைமருந்து, பால்வினை நோய் என்று வெளியில் பேசக்கூடாத விஷயங்களை வைத்து, பெரிய நட்சத்திரம் இல்லாமல் எடுத்த படங்கள் அந்த விளம்பரத்தை நம்பியே ஓடின. அதனால் அந்தப் படங்களுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. காசு கொடுத்து உள்ளே வரவைக்க ஏதாவது ஒன்றை முன்னால் தொங்கவிடும் படம். பெயரின் பொருள் அவ்வளவுதான்.

இப்போது சுரண்டு என்ற நம் வினையைப் பாருங்கள். அடிப்பிடித்த சட்டியைச் சுரண்டுகிறோம். ஒரு காலத்தில் பெட்டிக்கடை வாசலில் நின்று சுரண்டல் லாட்டரி சுரண்டினார்கள். ஒட்டிக்கொண்டிருப்பதில் கடைசித் துணுக்கையும் விடாமல் வழித்தெடுப்பது அந்த வினையின் உயிர். உழைப்புக்கு அதைப் பொருத்திய பொதுவுடைமை இயக்கத்தவருக்கு நல்ல காது இருந்திருக்கிறது. உழைப்புச் சுரண்டல் என்ற தொடரில் கரண்டி உரசுகிற சத்தம்கூடக் கேட்கிறது. விளம்பரத்துக்கும் கவர்ச்சிக்கும் அந்தச் சத்தம் எங்கே பொருந்துகிறது?

ஜப்பானியர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. உழைப்புச் சுரண்டலுக்கு அவர்கள் சொல்வது சாக்குஷு. பிழிந்தெடுத்தல் என்று பொருள். பால் கறப்பதற்கும் அதே எழுத்துதான். இந்தப் படவகையைப் பொதுவாகச் சொல்லும்போது ஆங்கிலச் சொல்லையே தங்கள் எழுத்தில் எழுதிக்கொள்கிறார்கள். எந்த நாட்டுப் படத்தைப் பற்றிப் பேசுகிறோமோ அந்த நாட்டுக்காரரே இரண்டையும் பிரித்து வைத்திருக்க, நாம் இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுச் சுரண்டுவானேன்?

நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "அந்தப் படங்கள் பெண்ணின் உடம்பைக் காட்டிக் காசு பார்த்தவைதானே? அது சுரண்டல் இல்லையா?" நல்ல கேள்வி. பலரும் அந்தச் சொல்லை விடாமல் பிடித்திருப்பதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் ஒரு வகைக்குப் பெயர் வைப்பதும் அந்த வகைமேல் தீர்ப்புச் சொல்வதும் இரண்டு வேலைகள். பெயரிலேயே தீர்ப்பை எழுதிவிட்டால் அப்புறம் யாரும் படத்தைப் பார்த்து நிறுத்துப் பேச மாட்டார்கள்.

நிறுத்துப் பேச அங்கே நிறைய இருக்கிறது. 1958-இல் ஜப்பானியத் தியேட்டர்களில் 112 கோடிக்கு மேல் டிக்கெட் விற்றது. 1972-இல் 20 கோடிகூட விற்கவில்லை. தொலைக்காட்சி வீட்டுக்குள் வந்துவிட்டது. 1971 டிசம்பரில் தாய்யெய் என்ற பட நிறுவனம் திவாலானது. அதற்கு முந்தின மாதம்தான் நிக்காட்சு நிறுவனம் 'ரோமன் போர்னோ' என்ற பாலியல் பட வரிசையைத் தொடங்கியிருந்தது. படம் சுமார் 70 நிமிடம், பத்து நிமிடத்துக்கு ஒரு உடலுறவுக் காட்சி இருந்தாக வேண்டும், மிச்சத்தை இயக்குநர் தன் இஷ்டப்படி செய்துகொள்ளலாம். 1988 வரை அது ஓடியது. தோயெய் நிறுவனம் பெண்கள் சிறை, பெண் ரவுடிக் கூட்டம், சாமுராய்கள் ஆண்ட எடோ காலத்துச் சித்திரவதை என்று வேறு பக்கம் போனது.

வன்முறை ஏன் அவ்வளவு வந்தது என்பதற்குத் தணிக்கையிலும் ஒரு காரணம் உண்டு. ஜப்பானியத் தண்டனைச் சட்டத்தின் 175-ஆம் பிரிவு ஆபாசத்தைத் தடுக்கிறது. எய்ரின் என்ற தணிக்கை அமைப்பு அதற்குப் பயந்து உறுப்பையும் மயிரையும் மங்கலாக்கச் சொன்னது. ஒரு பெண்ணைக் கயிற்றில் கட்டி அடிப்பதையும் பலர் சேர்ந்து அவளைச் சிதைப்பதையும் அதே கண்டிப்போடு தடுக்கவில்லை. சம்மதத்தோடு நடக்கும் உறவுக் காட்சியும் கொடூரக் காட்சியும் ஒரே அளவு மங்கலில் ஒன்றாகத் தேறிவிட்டன. எது தேறுகிறதோ அது சுவரொட்டிக்குப் போனது. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. படம் எடுத்தவர்களைத் திட்டுகிறவர்கள் இந்தத் தணிக்கைக் கணக்கையும் சேர்த்துப் பேச வேண்டும்.

இந்தச் சூழ்நிலையில்தான் 1972-இல் இட்டோ ஷுன்யா இயக்கி, காஜி மெய்கோ நடித்த 'பெண் கைதித் தேள்' என்ற தோயெய் வரிசையின் முதல் படம் வருகிறது. நாமி என்ற பெண்ணின் காதலன் ஒரு துப்பறியும் போலீஸ்காரன். போதைமருந்துக் கும்பலுக்குள் அவளை வேவு பார்க்க அனுப்புகிறான். கும்பல் அவளை வன்புணர்கிறது. அதை வைத்து அவன் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறான். அவனைக் குத்தப் போய் அவள் சிறைக்குப் போகிறாள். அவனை நம்பி அவள் முதன்முறையாகக் கூடிய படுக்கையில், வெள்ளைத் துணியில் வட்டமாகச் சிவப்பு பரவுகிறது. ஜப்பானியக் கொடி. தேசம், போலீஸ், காதலன் எல்லாரும் ஒரே காட்சியில் குற்றவாளிக் கூண்டுக்கு வந்துவிடுகிறார்கள். மூலமான காமிக்ஸில் நாமி வாய் ஓயாமல் வசவு பேசுகிறவள். அவளைப் பேசாதவளாக மாற்றியது காஜி கேட்டுக்கொண்டதால். திரை முழுக்க அந்தக் கண்கள்தான் பேசும்.

இது நிர்வாணத்தையும் அடியையும் காட்டி விற்ற படமா? ஆமாம். ஒரு பெண்ணின் கோபத்தை அந்தக் காலத்தில் வேறு யாரும் காட்டாத அளவுக்குக் காட்டியதா? அதுவும் ஆமாம். சுரண்டல் சினிமா என்று சொல்லிவிட்டால் முதல் ஆமாம் மட்டும்தான் நிற்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஸ்டுடியோக்களில் நிஜமான சுரண்டலும் நடந்திருக்கக்கூடிய இடங்கள் உண்டு: சம்பளம், ஒப்பந்தம், சொல்லாமல் சேர்த்த காட்சி. அதைப் பற்றி நாளைக்கு ஒருவர் எழுத வந்தால் அவருக்குச் சுரண்டல் என்ற சொல் பழுதில்லாமல் கிடைக்க வேண்டும். 'சுரண்டல் சினிமாவில் சுரண்டல்' என்று அவரை எழுதவைப்பது அநியாயம்.

சரி, வேறு என்ன சொல்வது? மசாலாப் படம் ஆகாது. மசாலாவில் பாட்டு, சண்டை, சென்டிமென்ட் எல்லாம் கலந்திருக்கும், இதில் ஒன்றுதான் சரக்கு. கவர்ச்சிப் படம் என்றால் ரத்தம் விடுபட்டுப்போகும். வக்கிரப் படம் என்பது மறுபடியும் தீர்ப்பு.

நான் சொல்வது தூண்டில் படம். தூண்டு என்ற வினையில் பிறந்த பழைய பெயர்ச்சொல். சூதாட்டத்தில் கிடைக்கும் வெற்றி, தூண்டிற் பொன்னை மீன் விழுங்கியது போன்றது என்கிறது 931-ஆம் குறள். ஆசை காட்டிப் பிடிப்பது என்ற பொருள் அப்போதே அதில் இருக்கிறது. அந்தக் காலத்து விளம்பரக்காரர்கள் செய்த வேலையும் அதுவே. இன்னொரு காரணத்துக்காகவும் எனக்கு இந்தச் சொல் பிடிக்கிறது. தூண்டில் என்றதும் மூன்று பேர் மனசில் வருகிறார்கள்: கோலைப் பிடித்தவன், முள்ளில் குத்தப்பட்ட புழு, வாயைத் திறக்கும் மீன். தயாரிப்பாளர், திரையில் துடிக்கும் பெண், டிக்கெட் வாங்கிய நான். சுரண்டல் என்ற சொல்லில் மீனுக்கு இடமே இல்லை, பார்வையாளர் சுலபமாகத் தப்பித்துக்கொள்கிறார். நாமியின் கதையை இந்தச் சொல்லோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். காதலன் அவளைப் புழுவாகத்தான் முள்ளில் கோத்தான். அவளை அதே முள்ளில் கோத்துத்தான் தோயெய் நம்மையும் தியேட்டருக்குள் இழுத்தது.

மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள வருத்தம் இதோடு முடியவில்லை. பிங்க் படம் என்பதை நீலப்படம் என்று எழுதுகிறார்கள். நிறத்துக்கு நிறம் மாற்றினால் போதும் என்று நினைப்பார்கள் போல. ஜப்பானில் பிங்க் படம் என்பது 1960-களிலிருந்து சிறு நிறுவனங்கள் எடுத்து, எய்ரின் சான்று வாங்கி, தியேட்டரில் ஓட்டிய படம். உறவுக் காட்சிகள் எல்லாம் நடிப்பு. நீலப்படம் என்ற பெயரும் அவர்களிடம் தனியாகவே இருந்தது. சட்டத்துக்கு ஒளித்து எடுத்து, ஒளித்துக் காட்டிய சுருள்களை புரூ ஃபிருமு, அதாவது ப்ளூ ஃபிலிம், என்றார்கள்.

இந்த வித்தியாசம் சில்லறை விஷயம் இல்லை என்பதற்கு ஒரு படம் போதும். சோனே சூசெய் 1979-இல் இயக்கிய, இஷீ தகாஷியின் காமிக்ஸைத் தழுவிய 'சிவப்பு வகுப்பறை' நிக்காட்சுவின் ரோமன் போர்னோ வரிசையில் வந்தது. ஆபாசப் பத்திரிகை நடத்தும் ஒருவன் ஒரு நீலப்படத்தைப் பார்க்கிறான். ஓர் ஆசிரியையை வன்புணர்வதாக அதில் காட்சி. அந்தப் பெண்ணின் நடிப்பில் சொக்கிப்போய் அவளைத் தேடிக் கண்டுபிடிக்கிறான். அது நடிப்பில்லை, நிஜமாக நடந்தது என்று அவள் சொல்கிறாள். மறுபடி சந்திப்பதாக அவன் சொன்ன இடத்தில் அவள் மழையில் காத்திருக்கிறாள். அவனோ வேறொரு வழக்கில் கைதாகிவிடுகிறான். அதற்குப் பிறகு அவள் வாழ்க்கை இறங்கிக்கொண்டே போகிறது, படம் ஆறுதல் எதுவும் தருவதில்லை. தணிக்கை பார்த்த நடிப்புப் படம் ஒன்றின் உள்ளே, ஒளித்து எடுத்த நிஜக் கொடுமை ஒன்று இருக்கிறது. வெளியே இருப்பதையும் நீலப்படம் என்று எழுதிவிட்டால் கதையே கிடையாது.

கடைசியாக, எனக்கு மிகவும் வலிக்கும் ஒரு சொல். இந்தப் படங்களின் தலைப்பிலும் வசனத்திலும் ஒகாசு என்ற வினை அடிக்கடி வரும். நம்மவர்கள் அதைக் கற்பழித்தான் என்று எழுதுகிறார்கள். குற்றம் என்ற ஜப்பானியச் சொல்லில் இருக்கும் அதே எழுத்துதான் ஒகாசுவிலும். சட்டத்தை மீறுவதற்கும் அதே வினை. செய்தவன் எல்லை மீறினான் என்று அந்தச் சொல் அவனைச் சுட்டுகிறது. நம் சொல்லோ அவளிடமிருந்து என்ன அழிந்தது என்று கணக்கெடுக்கிறது. மூலத்தில் இல்லாத கற்பை யார் கொண்டுவந்து உள்ளே வைத்தது? பத்திரிகைச் செய்தி வரும் காட்சிகளில் இதற்கு நேர்மாறான தப்பு நடக்கும். ஜப்பானியப் பத்திரிகைகள் வன்புணர்வைப் பச்சையாக எழுதத் தயங்கி போகோ, அதாவது தாக்குதல் என்று எழுதிவந்தன. அதை அப்படியே தாக்குதல் என்று போட்டால் தமிழ் வாசகருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. இரண்டு இடத்திலும் வன்புணர்வு என்று எழுதலாம். ஈழத்தில் வல்லுறவு என்கிறார்கள், புரியாமல் போகாது, ஆனால் உறவு என்ற சொல் அங்கே நிற்பது எனக்கு நெருடுகிறது. ஜப்பானியச் சட்டமே 2017-இலும் 2023-இலும் இந்தக் குற்றத்தின் பெயரை மாற்றி, இப்போது சம்மதமில்லாத உடலுறவு என்று சம்மதத்தையே பெயரில் வைத்திருக்கிறது.

அடுத்த திரையிடலுக்கு அழைப்பிதழ் எழுதுகிறவர்கள் ஒரு வரி போட்டால் போதும்: 'ஜப்பானியத் தூண்டில் படம். பெண்கள்மீதான வன்புணர்வுக் காட்சிகளும் சித்திரவதைக் காட்சிகளும் உண்டு.' பேத்தியைக் கூட்டிவரலாமா, தனியாக வரலாமா, வராமலே இருக்கலாமா என்று அந்தப் பெரியவர் வீட்டிலேயே முடிவு செய்துகொள்வார்.